ஒரு கட்டம் புகை

மாசிக் கடைசியில் கூடாரமலையில் பிடித்த தீ நாலாம் நாள் அணைந்தது, அணைந்ததும் அதன் புகையெல்லாம் காற்று இழுத்த பக்கமே கிழக்கே போய்விட்டது, ஒரே ஒரு துண்டு மட்டும் அந்தக் கூட்டத்தோடு போகாமல் பிரிந்து, காற்றுக்கு எதிராக ஓடையைத் தாண்டி, தார் ரோட்டைத் தாண்டி, கோயில் வேம்பில் கொஞ்ச நேரம் தங்கி, பிறகு உப்போடைப்பட்டி மேலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு மேலே வந்து நின்றுகொண்டது. பனைமர உயரத்தில் நின்றது. ஒரு களத்து அளவு இருந்தது. கலையவில்லை.

எப்படி என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. யார் என்றுதான் கேட்டார்கள்.

காரணம், எங்கள் ஊரில் கமுக்கத்தீ என்று ஒரு நேர்த்தி உண்டு. தீராத காரியம் ஏதாவது இருந்தால், கூடாரமலை மொட்டைப்பாறைக்குத் தனியாக ஏறி, ஒரு கைப்பிடி சுக்குநாறிப் புல்லைக் கொளுத்தி, அது எரிந்து அடங்கும்வரை நின்றுவிட்டு இறங்கி வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தக் கண்ணும் பார்க்கக்கூடாது, யாருக்காக என்று எந்தக் காதும் கேட்கக்கூடாது, நாற்பத்தொரு நாள் முடியும்வரை அந்தக் காரியத்தைப் பற்றி நேர்ந்தவர் வாயே திறக்கக்கூடாது, திறந்தால் கிடைத்தது திரும்பப் போய்விடும். அதனால் எங்கள் ஊரில் ஒருத்தர் இரண்டு மணி நேரம் கண்ணில் படவில்லை என்றால், எங்கே போனார் என்று யாரும் விசாரிப்பதில்லை, யாருக்காக என்னத்தை நேர்ந்துவிட்டு வந்தார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். புருசன் பெண்டாட்டியைப் பார்ப்பான், மாமியார் மருமகளைப் பார்ப்பாள், சோற்றுத்தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு பார்ப்பார்கள். இப்படியே எத்தனையோ தலைமுறை ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்து, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்கள் கொஞ்சம் இடுங்கியே இருக்கும்.

என் அப்பா மொக்கராசு வனத்துறையில் தீக்காவலர். தை முதல் வைகாசி வரைக்கும்தான் வேலை. இந்த வருசம் நிரந்தரமாகிவிடும் என்று பன்னிரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. எங்காவது மலையில் தீ பிடித்தால் சாட்டிலைட் பார்த்து அவர் போனுக்கு இங்கிலீஷில் செய்தி வரும், அவர் அதை என்னிடம் நீட்டுவார், நான் எந்த மலை, எந்தப் பக்கம் என்று சொல்வேன், அவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓடுவார். நான் பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வீசிங். சாக்பீஸ் தூசி, மூன்று மாடிப் படி, லேப் நெடி, எது பட்டாலும் நெஞ்சுக்குள் பூனை கத்தும். பரீட்சை ஹாலில் பின்பெஞ்சுக்காரி எழுந்து, கௌமாரி சத்தத்தில் எனக்கு எழுத வரலை டீச்சர் என்று சொன்ன அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். யாரும் நிறுத்தவில்லை. நானாக நின்றேன்.

பிறகு வனவர் அமலோற்பவம் மேடம், செக்போஸ்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வருகிற சாட்டிலைட் படத்தை யாருக்கும் பார்க்கத் தெரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. புகை என்றால் சாம்பல் நீலமாக, ஒரு பக்கம் முனை கூராகத் தெரியும், அந்த முனையைப் பிடித்துக்கொண்டே போனால் தீ பிடித்த இடம் வந்துவிடும். தூசி என்றால் மஞ்சளாக, முனையே இல்லாமல், எங்கே தொடங்கியது என்று சொல்ல விருப்பமில்லாத மாதிரி பரந்து கிடக்கும். இரண்டே நாளில் எனக்குப் பழகிவிட்டது.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வராது. செல்லக்கிளி அக்கா டீக்கடையில், இந்தச் சாட்டிலைட் பகலில் ஒன்றரை மணி வாக்கில் ஒரே தடவைதான் நம் மலையைத் தாண்டுகிறது, அதற்குப் பிறகு நடுராத்திரி தாண்டித்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். சும்மா தெரிந்த விஷயத்தைச் சொன்னேன். ஆனால் கடையில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் கேட்டார்கள். மேலே போவது ஒரு மிஷின், அதற்கு இமையும் கிடையாது, பார்த்ததை யாரிடமும் போய்ச் சொல்ல வாயும் கிடையாது, ஆனாலும் எந்தக் கண்ணும் என்றால் எந்தக் கண்ணும்தான் என்று ஊர் முடிவு செய்தது. அதுவரைக்கும் விடியற்காலையில் பனி ஈரத்தோடு ஏறிக்கொண்டிருந்தவர்கள், கிட்டத்தில் இருக்கிற மனுசக் கண்ணெல்லாம் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு சொருகியிருக்கும், மேலே இருக்கிற கண்ணும் தாண்டிப் போயிருக்கும் என்று கணக்குப்போட்டு, ரெண்டு மணிக்கு மேல்தான் ஏற வேண்டும் என்று நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். மூன்று மணிக்குக் கூடாரமலையில் காற்று திரும்பும். பள்ளத்திலிருந்து மேலே ஏறும். அதை யாரும் யோசிக்கவில்லை.

ஒன்றரைக்கு முன்னால் வைத்திருந்தால் சாட்டிலைட் பார்த்திருக்கும், அப்பா போனில் செய்தி வந்திருக்கும், ஒரு குடம் தண்ணியில் அணைந்திருக்கும். மூன்று மணிக்கு வைத்த கைப்பிடிப் புல், சாட்டிலைட் மறுபடி பார்த்தபோது பாதி மலையாக இருந்தது. ஆக, தீ வைத்தவர் நான் சொன்னதைக் கேட்டவர். நான் சொன்னதை ஊரே கேட்டிருந்தது.

நாலு நாளும் அந்தப் புகையை நான் திரையில் பின்தொடர்ந்தேன். முதல் நாள் மதுரைக்கு மேலே ஒரு நாக்கு மாதிரி நீண்டது, இரண்டாம் நாள் சிவகங்கைக் கண்மாய்களை மூடியது, மூன்றாம் நாள் தெற்கே தேரிக்காட்டிலிருந்து கிளம்பின செம்மண் தூசியோடு கலந்து நிறம் மாறியது, நாலாம் நாள் இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு கடலுக்குள் போய்விட்டன. ஐந்தாம் நாள் படம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. உப்போடைப்பட்டி மேல் மட்டும் ஒரு கட்டம் சாம்பலாக இருந்தது. மேடம் கர்ச்சீப்பை எடுத்துத் திரையைத் துடைத்தார். போகவில்லை. ஒரு கட்டம் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர், எங்கள் வீட்டுப் புகை ஒரு களத்து அளவுதான், அது எப்படி ஒரு கட்டத்தை நிறைக்கும் என்று கேட்டேன். அவர் எழுந்து ஜன்னல் வழியாக ஊர்ப் பக்கம் பார்த்தார், அங்கே அது நின்றுகொண்டிருந்தது, திரும்ப வந்து உட்கார்ந்து ரிப்போர்ட்டில் கருவிக் கோளாறு என்று எழுதினார்.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் நாள் தெருமுனையில் கூட்டமாக நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள், மொக்கராசு சட்டையில் அடிக்கிற வாடைதான் இதுவும் என்று இரண்டு பேர் சத்தியம் செய்தார்கள். இரண்டாம் நாள் கோயிலில் மிச்சமிருந்த அதிர்வேட்டைக் கொண்டுவந்து அடியில் வெடித்தார்கள், புகையோடு இன்னும் கொஞ்சம் புகை சேர்ந்தது. மூன்றாம் நாள் வடகம் காயப்போடுகிறவர்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள், கிரிக்கெட் விளையாடுகிற பயல்கள் நிழல் நல்லாயிருக்கிறது என்று இந்தப் பக்கம் வந்தார்கள், மினி பஸ் கண்டக்டர் புகைவீடு இறங்கு என்று கூவத் தொடங்கினார். கல்யாண வீட்டு போட்டோகிராபர் ஒருத்தர் பொண்ணு மாப்பிள்ளையைக் கூட்டிவந்து, வெளிச்சம் மெத்தென்று விழுகிறது என்று எங்கள் வாசலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். எடுத்து முடித்ததும் அம்மா தண்ணி கொடுத்தாள். மூன்று பேருமே வேண்டாம் என்றார்கள். எங்கள் வீட்டுத் தண்ணியை அப்போது யாரும் குடிக்கவில்லை. தீ வைத்தவன் வீட்டைப் புகையே வந்து காட்டிக்கொடுத்துவிட்டது, இனி நாம் எதற்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடம் அப்பாவிடமிருந்து கம்பையும் போனையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். விசாரணை முடியட்டும் என்றார். அப்பா சரி என்றார்.

ஊரே இருமியது. மேலத்தெருவைத் தாண்டுகிறவர்கள் இருமல் வராவிட்டாலும் மரியாதைக்கு ஒரு தடவை இருமினார்கள். நான் இருமவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்தது செல்லக்கிளி அக்கா. "ஏத்தா, ஊருல நல்ல நெஞ்சுக்காரியெல்லாம் இருமுறோம், நோய் நெஞ்சுக்காரி நீ மட்டும் மணியாட்டம் இருக்கியே, என்னா சங்கதி?" என்று கேட்டாள். தெரியலைக்கா என்றேன். அது உண்மை. இன்ஹேலரை எடுத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அக்கா என் முகத்தையே பார்த்தாள், பிறகு டம்ளரைத் தேவைக்கு மேல் ஒரு தடவை கழுவினாள்.

அந்த வாரம் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. நான் மினி பஸ்ஸில் ஏறினேன், புகையும் கிளம்பியது. பஸ்ஸுக்கு மேலேயே வந்தது, ஸ்டாப்பில் நின்றால் நின்றது, ரயில்வே கேட்டில் காத்திருந்தது. கண்டக்டர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, மீதிச் சில்லறையைச் சீட்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார், கையில் கொடுக்கவில்லை. டாக்டர் என் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார், முன்பக்கம் வைத்துக் கேட்டார், பிறகு நோட்டைப் புரட்டி, இதில் இருக்கிற பொண்ணு நீதானா, ஆதார் கார்டு இருக்கா என்றார். திரும்பி வந்தபோது மேடம் ஆபீஸ் வாசலிலேயே நின்றார். ஒன்றரை மணிப் படத்தில் சாம்பல் கட்டம் தேனிக்கு மேல் இருந்ததாம்.

அப்பா வீட்டில்தான் இருந்தார். ஆக, புகை வீட்டுக்கு மேலும் இல்லை, அப்பாவுக்கு மேலும் இல்லை, எனக்கு மேல்தான் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது, சாயங்காலத்துக்குள் தீ வைத்தது நான் என்று ஆகிவிட்டது. நான் வைக்கவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். கௌமாரி பொய் சொல்ல மாட்டாள் என்பது ஊருக்குத் தெரியும். ஆனால் அதுவே இப்போது எனக்கு எதிராகத் திரும்பியது. இவ்வளவு உண்மை பேசுகிறவள் எதையோ ஒன்றை மறைக்கத்தான் இத்தனை உண்மையையும் பேசி வைத்திருக்கிறாள் என்றார்கள்.

அம்மா ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போகிறவள், விடியும்போது போனால் பொழுது சாய வருவாள், அவளுக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலை பின்னிவிடும்போது சொன்னாள்: "ஊர்க்காரய்ங்கள விடு. உங்கப்பன்தான் மாறிட்டாரு. தீப்பிடிச்ச அன்னையிலயிருந்து உன் மூச்சப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாரா? சலிச்சுப்போச்சு போல."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா மலையை விட்டு இறங்கியதும் கால்கூடக் கழுவாமல் முதலில் கேட்பது அதைத்தான். அவர் கேட்காமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை, மூச்சு நன்றாக இருக்கும்போது யாரும் மூச்சைக் கவனிப்பதில்லை. பின்னல் பாதியில் இருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புகை, வைத்த ஆளைத் தேடி வரவில்லை. யாருக்காக வைத்தார்களோ அந்த ஆளைத் தேடி வந்திருக்கிறது. நான் அம்மாவிடம் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் வாய்க்குள் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான், வேப்பங்கொட்டையை ஒதுக்கி வைத்த மாதிரி இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. மலை எரிந்துபோனது தெரியும், முயலும் மலை அணிலும் வெந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், எல்லாம் தெரிந்தும் எனக்கு அந்த மூச்சு பிடித்திருந்தது. மேலத்தெரு ஏற்றத்தில் நிற்காமல் ஓடிப் பார்த்தேன். பரணிலிருந்து பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன், தூசி மூக்கிலேயே ஏறியது, ஒன்றும் ஆகவில்லை. ஜூன் மாசம் திரும்பச் சேரலாமா என்று நினைத்தேன். நாற்பத்தொன்றுக்கு எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணினேன்.

இருபத்துமூன்றாம் நாள் சன்னாசி மாட்டினார். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் கல்யாணமாகாதவர், ஊர் ஆடுகளைச் சேர்த்து மேய்க்கிறவர், அவருக்காகச் சண்டைக்கு வர ஒரு பங்காளிகூடக் கிடையாது. பொட்டலில் ஆடு மேய்த்தவர் பையில் தீப்பெட்டி இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு மூன்று மணிக்கு எங்கே இருந்தாய் என்று மேடம் கேட்டதற்கு, ஆட்டைக் கேளுங்க மேடம், அதுதான் என்கூட இருந்துச்சு என்றார். ஊர் இதற்கும் ஒரு கதை கட்டியது. காட்டுக்குள் ஆட்டை விடாதே என்று மொக்கராசு விரட்டியதில் சன்னாசிக்கு வன்மம், அந்த வன்மத்தில் தீ வைத்திருக்கிறார், வன்மத்தில் வைத்த தீயின் புகை பகையாளியின் பிள்ளை மேல் போய் நிற்கிறது. கேட்க நன்றாக இருந்தது. எல்லாருக்கும் அந்தக் கதை பிடித்துப்போனது, ஏனென்றால் அதில் வேறு யாருமே இல்லை. அன்று காலை எங்கள் வீட்டில் தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு இரண்டு பேர் சிரித்துக்கொண்டே போனார்கள்.

செக்போஸ்டில் பதினொரு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டுத்தடத்தில் தீ தொடங்கியதாகக் காகிதத்தில் எழுதியிருந்தது. படத்தில் அப்படி இல்லை. புகையின் முனை மொட்டைப்பாறையில் இருந்தது, நான் அதை மேடத்துக்குக் காட்டியிருந்தேன், கருவிக் கோளாறு என்று முன்பே எழுதியாகிவிட்டது என்றார். இன்னும் இரண்டு கையெழுத்து வேண்டும், காவலர் ஒன்று, படம் பார்த்தவள் ஒன்று. அப்பா போட்டுவிட்டால் கம்பும் போனும் இன்றைக்கே கைக்கு வரும் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்டது. சன்னாசி படியில் உட்கார்ந்திருந்தார். அப்பா பேனாவை எடுத்ததும் நிமிர்ந்து, "மச்சான், எழுத்தைக் கோணாமப் போடு. உள்ள உக்காந்து நாள் பூரா படிச்சுப் பாக்கணும்ல" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் தீப்பெட்டி எடுத்த பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தார். மூச்சு முட்டினால் எனக்குத் தோள்தான் முதலில் ஏறும், அது அவருக்கு மட்டும் தெரியும். தோள் ஏறவில்லை. பேனா காகிதத்துக்கு வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுவிடட்டுமே என்று ஒரு நொடி எனக்கும் தோன்றியது.

"அப்பா, இருபத்துமூணு நாள் நல்லா மூச்சு விட்டேன்" என்றேன். "போதும்ப்பா."

சிரிப்பு நின்றது. அப்பா பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"இன்னும் பதினெட்டு நாள்தானத்தா" என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. மேடம் வெளியூர்க்காரர், அவருக்காக மட்டும் அப்பா திரும்பி நின்று சொன்னார்: "மொட்டைப்பாறையில மூணு மணிக்கு நான்தான் வச்சேன் மேடம். அந்நேரம் காத்து திரும்பும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்சேன்."

செக்போஸ்டுக்கு மேலே நின்ற புகை கொஞ்சம் தாழ்ந்தது, கயிறு அவிழ்ந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு மற்ற புகை எல்லாம் எப்படிப் போகுமோ அப்படிக் காற்றோடு போய்விட்டது. அதன் பின்னாலேயே தெளிந்த வெயில் வந்து எல்லாருடைய முகத்திலும் விழுந்தது. என் நெஞ்சுக்குள் மெல்லிய நூல் ஒன்று முறுக்கேறியது.

கூட்டம் என் அப்பாவைப் பார்க்கும் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் திரும்பி ஊர்ப் பக்கம், அவரவர் வீட்டுக் கூரைக்கு மேலே இருந்த காலி வானத்தைப் பார்த்தார்கள். செல்லக்கிளி அக்கா கூரையைப் பார்த்தாள், பிறகு தன் புருசனைப் பார்த்தாள், இத்தனை வருசத்தில் ஒரு நாளாவது எனக்காக ஒரு பொட்டுப் புகையாவது என்று அவள் கேட்கவில்லை, ஆனால் அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார். பதினொரு பேரில் ஒருத்தர் காகிதத்தைத் திரும்பக் கேட்டார், அடுத்தவர் கேட்டார், கடைசியில் மேடம் அதை நாலாகக் கிழித்தார். சன்னாசி எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் போய் நின்றார்.

"எனக்குன்னு ஒருத்தரு ஒரு புல்லைக் கொளுத்தியிருந்தா, நானே ஒத்துக்கிட்டு உள்ள போயிருப்பேன் மச்சான்" என்றார். திட்டுகிறாரா என்ன என்று யாருக்கும் பிடிபடவில்லை. பிறகு ஆடுகளைத் தேடிப் போய்விட்டார்.

அப்பாவை ஜீப்பின் பின்பக்கம் ஏற்றினார்கள். ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். இப்போது அவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், தடுக்க ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் கேட்கவில்லை, என் தோளை மட்டும் பார்த்தார். எனக்குள் நூல் கயிறாகியிருந்தது, வாயைத் திறந்தால் விசில் கேட்கும் என்று தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். மூச்சைப் பிடித்தேன். தோளை அசைக்காமல், ஒன்றுமே இல்லாதவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஜீப் கிளம்பியது, பத்தடி போனதும் மேடம் ஃபைலை மறந்துவிட்டதாக நிறுத்தச் சொல்லி இறங்கி உள்ளே போனார், பீரோவைத் திறந்தார், மூடினார், வந்து ஏறினார். அவ்வளவு நேரமும் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. ஜீப் மறுபடி கிளம்பி, சுண்ணாம்பு அடித்த கல்லைத் தாண்டி, சின்னப் பாலத்தில் தடதடத்து, வளைவில் மறைகிறவரைக்கும் நான் மூச்சு விடவில்லை.